எட்டாவது படியின் கைப்பிடி

பொதுச் சொத்தில் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் எவரும் எதையும் ஒட்டவோ கட்டவோ தொங்கவிடவோ கூடாது. அப்படி ஏதாவது தொங்கினால், கண்ணில் பட்ட ஏழு நாட்களுக்குள் குடியிருப்பைப் பராமரிக்கும் பேட்டை அலுவலகம் அதை அகற்றிவிட வேண்டும். விதி இவ்வளவுதான். முப்பத்தோரு வருட அரசுப் பணியில் இதைவிடத் தெளிவான விதியை நான் படித்ததில்லை. இதைவிடக் குழப்பமான சிலவற்றை நானே எழுதியிருக்கிறேன்.

இந்த விதி நடப்பில் இருக்கும்போதே, புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு இறங்கும் பதினான்கு படிகளில், எட்டாவது படியின் கைப்பிடிக் கம்பியில் ஒரு சிவப்பு அட்டை ஏழு மாதம் தொங்கியது. தொங்கவிட்டவர் ஒரு கட்டுமான நிறுவனத்தின் முதலாளி. அந்த அட்டையின் காரணமாக, அவர் வாழ்நாள் முழுவதும் ஆசைப்பட்ட ஒரு மலை அவருக்குக் கிடைக்காமலே போக இருந்தது.

அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டுமானத் தளத்தில் சாரம் கட்டி முடித்ததும், தகுதியுள்ள ஒருவர் அதைச் சோதித்து அட்டை மாட்டுவார். பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் ஏறக்கூடாது. சிவப்பை மாட்டியவர் மட்டுமே அதைக் கழற்றலாம். மற்ற முதலாளிகள் இந்தப் பழக்கத்தை ஹெல்மெட்டோடு சேர்த்துத் தளத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். இடது பையில் சிவப்பு, வலது பையில் பச்சை, கால்சட்டைப் பையில் அட்டையைக் கட்ட ஒரு கொத்து பிளாஸ்டிக் கட்டு, அதன் வாலை நறுக்க ஒரு நகவெட்டி. ஒவ்வோர் அட்டையும் நான்கு மொழிகளில், பிளாஸ்டிக் உறை போட்டு, தேதிக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டு அச்சடிக்கப்பட்டிருக்கும்.

எங்கள் அறிமுகமே அப்படித்தான் நடந்தது. கீழே கோப்பிக்கடையில் நான் உட்காரப் போன நாற்காலியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார்.

"சார், அதுல வேணாம். பின்னங்கால்ல விரிசல்."

"நீங்க இந்தக் கடைக்காரரா?"

"இல்ல சார்."

"அலுவலகத்திலிருந்து வர்றீங்களா?"

"இல்லையே. நான் பார்த்தேன், அவ்வளவுதான்."

எந்த அதிகாரத்தில் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் வேறொரு நாற்காலியை இழுத்து, அதன் மேல் தானே இரண்டு முறை தொம்மென்று உட்கார்ந்து பார்த்து, எனக்குக் கொடுத்தார். முப்பத்தோரு வருடம் பணியாற்றிய அலுவலகத்தில்கூட என் நாற்காலிக்காக யாரும் இவ்வளவு சிரமப்பட்டதில்லை. உட்கார்ந்தேன். அவர் வாங்கிக் கொடுத்த கோப்பியைக் குடித்தேன்.

அவரிடம் எண்பது தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். நகரத்தில் நீங்கள் அண்ணாந்து பார்க்கும் கட்டடங்களில் ஒன்றிரண்டாவது அவர் ஆட்கள் பூசியதாக இருக்கும். ஆனாலும் நான்கறை வீட்டை விட்டுப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், இந்த புளோக்கில் தான் சோதித்து முடிக்காதது இன்னும் நிறைய இருக்கிறது என்பார்.

குடிமக்களின் கடமை பற்றி அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. அதைக் கேட்காதவர்கள் எங்கள் புளோக்கில் யாருமில்லை. "சார், சைட்ல ஒரு ஓட்டையப் பார்த்துட்டு மூடாம போனா, அந்த ஓட்டை உங்க பேர்ல. நீங்க போட்டதா இல்லையான்னு எவனும் கேக்க மாட்டான். பார்த்தீங்களா, முடிஞ்சுது. உங்க பேர்ல."

நான் சொன்னேன்: "ஊர் முழுக்க ஓட்டை இருக்கே."

"அதனாலதான் சார் பையில இத்தனை அட்டை."

இந்த ஊரில் பிளாஸ்டிக் உறை போட்ட எதற்கும் மக்கள் கீழ்ப்படிவார்கள் என்பதை அரசுப் பணியில் இருந்தபோதே நான் அறிவேன். அவர் அதை அறியாமலே பயன்படுத்தினார். விளையாட்டு மைதானத்துச் சறுக்கு மரத்தில் சிவப்பு விழுந்தால் பிள்ளைகள் வரிசையாகத் திரும்பிப் போயின. மின்தூக்கியில் ஒரு பொத்தானுக்குச் சிவப்பு போட்டார். பதினோராம் மாடிக்காரர்கள் ஒரு வாரம் பத்தாம் மாடியில் இறங்கி ஏறினார்கள். யாரும் அட்டையைக் கழற்றவில்லை. யார் மாட்டியது என்றுகூடக் கேட்கவில்லை. ஏதோ ஒரு துறை மாட்டியிருக்கும் என்பதே எல்லோருடைய முடிவும்.

சமூக மன்றத்தில் பொங்கல் விழா. பிரமுகர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால், மேடைக்கு ஏறும் மரப்படியில் சிவப்பு தொங்கியது. குழுத் தலைவர் கையைப் பிசைந்தார். பிரமுகர் வந்தார், அட்டையைப் படித்தார், தலையசைத்தார், தரையில் நின்றே பேசினார். பின்வரிசைக்கு அவர் தெரியவில்லை, அவருக்கும் பின்வரிசை தெரியவில்லை. வழக்கமாக இருபத்தைந்து நிமிடம் போகும் உரை நான்கு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த வருடம் குழுத் தலைவர் தானாகவே வந்து கேட்டாராம்: "அண்ணே, மேடைய ஒருவாட்டி பார்த்துச் சொல்லுங்களேன். சும்மா ஒரு வார்த்தை." இவர் போய்ப் பார்த்து, படி நன்றாக இருக்கிறதென்று பச்சை மாட்டிவிட்டு வந்தார். அந்த உரை முப்பத்தைந்து நிமிடம் போனது. நேர்மைக்கு இப்படி ஒரு தீமை உண்டு.

சொந்த மகன் கல்யாண வரவேற்பிலும் விடவில்லை. மணமக்களுக்குப் போட்டிருந்த இரண்டு சிம்மாசனங்களில் மாப்பிள்ளையுடையது ஆடியது. சிவப்பு. மகன் இரண்டரை மணி நேரம் நின்றுகொண்டே படத்துக்குச் சிரித்தான். சொந்தக்காரர்கள் இதை ஏதோ புது நாகரிகம் என்று நினைத்தார்கள். அவர் மனைவி மட்டும் சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் சொன்னார்: "சார், முப்பத்தாறு வருசத்துக்கு முன்னால எனக்கு ஒரு சிவப்பு அட்டை கிடைச்சிருந்தா இவரு கழுத்துல மாட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

"இப்பவும் மாட்டலாம்மா," என்றார் இவர், ஒன்றை நீட்டி. "தேதி போட மறந்துடாத."

இப்படிப்பட்டவர் கோழையாக இருப்பார் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடலுக்குக் கூட்டிப் போகும்வரை.

இரட்டை இருக்கைக் கயாக். முன்னால் நான், பின்னால் அவர். கிளம்புவதற்கு முன் வாடகைக் கடையில் இருந்த பன்னிரண்டு மிதவைச் சட்டைகளையும் அவர் சோதித்தார். ஒவ்வொன்றிலும் தொங்கிய விசிலை ஊதிப் பார்த்தார். கரையில் இருந்தவர்கள் யாரோ மூழ்குவதாக நினைத்து ஓடி வந்தார்கள். பிறகு எனக்கு ஒரு கூட்டம் வைத்தார். கட்டுமானத் தளத்தில் தினமும் வேலை தொடங்குமுன் நின்றபடியே நடத்துவார்களே, 'டூல்பாக்ஸ் மீட்டிங்', அது. ஆள் நான் ஒருவன்தான். இருந்தாலும் "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார். எல்லோர் சார்பிலும் புரிந்தது என்றேன்.

"சார், ஆபத்து வேற, சாகசம் வேற. சோதிக்காத ஸ்டூல்ல ஏறி டியூப்லைட் மாத்துறீங்க பாருங்க, அது ஆபத்து. சோதிச்சுட்டு நடுக்கடலுக்குப் போனா அது சாகசம்."

நடுக்கடல்வரை போகவில்லை. கரையிலிருந்து கூப்பிடும் தூரத்தில், அவர் எதையோ பார்க்கத் திரும்பியதில் கவிழ்ந்தோம். உப்பு நீரை விழுங்கிக்கொண்டு, நான் யாருக்கு உயில் எழுதியிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டு மிதந்தபோது, எனக்குப் பின்னால் ஒரு நீண்ட விசில். பிறகு அவர் குரல், ஒரு குழந்தையினுடையதைப் போல: "வேலை செய்யுது சார்! விசில் வேலை செய்யுது!"

அந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகுதான் மலையைப் பற்றிச் சொன்னபோது நம்பினேன். சபாவில் இருக்கும் கினபாலு. பல வருட ஆசை. அவருடைய வெல்டரும் இன்னும் மூன்று தொழிலாளர்களும் உடன் வருவதாக ஏற்பாடு. அக்டோபரில் ஐந்து நாள். மலைக்கு அனுமதிச் சீட்டு குறைவு, தேதியை மாற்ற முடியாது. முட்டி மருத்துவர் வேறு தெளிவாகச் சொல்லியிருந்தார்: இந்த வருடம் ஏறுவதானால் ஏறிக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் முட்டியை மாற்ற வேண்டும், அதன்பின் மலையைப் படத்தில் பார்க்கலாம்.

இந்த நிலையில்தான், மார்ச் மாதம், எட்டாவது படி.

எங்கள் புளோக்கில் தனியாக இருக்கும் ஓர் அம்மாளுக்கு எழுபத்தொரு வயது. தேக்கா சந்தைப் பக்கம் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறார். தினமும் காலை ஆறே முக்காலுக்கு அந்தப் படியில் கம்பியைப் பிடித்து இறங்கி, ஏழு மணிப் பேருந்தைப் பிடிப்பார். இடுப்பு சரியில்லை, நாக்கு நன்றாகவே இருந்தது. எல்லோருக்கும் அவர் பூக்கார அக்கா. சாய்தளம் வழியாகச் சுற்றிப் போனால் கால் கிலோமீட்டர் ஆகும்.

"யாருய்யா கட்டுனது இதை?" என்று அட்டையைப் பிடித்து ஆட்டினார்.

"நான்தான் அக்கா. தூண் அடியில துரு. ஒருநாள் நீங்க கம்பியப் புடிப்பீங்க, கம்பி உங்களைப் புடிக்காது."

"முப்பது வருசமா புடிச்சு எறங்குறேன். நேத்து வந்து அட்டையக் கட்டிட்டு... நான் சுத்தியெல்லாம் போக மாட்டேன். ஆமா."

"சுத்த வேணாம் அக்கா. வழிய அடைச்சவன் மாத்து வழி தரணும். அது ரூல்." அவர் கம்பிக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்று, தோளைக் காட்டினார். "புடிங்க."

மறுநாளிலிருந்து காலை ஆறு நாற்பதுக்கு, எண்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி, மேல்படியில் ஒளிரும் மஞ்சள் சட்டையோடு நின்றார். அக்கா அவர் தோளைப் பிடித்துப் பதினான்கு படியும் இறங்குவார். இறங்கும்போதெல்லாம் திட்டுவார். செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு விடுப்பு, கைப்பிடிக்கும் விடுப்பு.

"கம்பி வந்தாச்சா?" என்று அக்கா மாடியிலிருந்து கத்துவதைக் கேட்டே நான் எழுந்திருப்பது வழக்கமாயிற்று.

அவருடைய வெல்டர் புதுக்கோட்டைக்காரர், கைசுத்தமான வேலைக்காரர். வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாஸ், இருவது நிமிசம். பத்த வெச்சு, அரைச்சு, பெயின்ட் அடிச்சுட்டுப் போயிடுறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"எவன் சைட்டு இது?"

"தெரியல பாஸ்."

"தெரியாத சைட்ல தீ வைக்கப் போறியா? பெர்மிட் எங்க? வேலைய நிறுத்த எவனுக்கு வேணும்னாலும் உரிமை இருக்கு தம்பி. ஆரம்பிக்கத்தான் அனுமதி வேணும்." பிறகு என்னைப் பார்த்தார். "சார், நீங்க எழுதுங்க."

எழுதுவது எனக்குத் தெரிந்த ஒரே சாகசம். எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி, மூன்று வேலை நாட்களில் தொடர்புகொள்வோம் என்று இயந்திரம் பதில் சொன்னது. ஒரு மாதம் கழித்து நினைவூட்டினேன். புகைப்படம் கேட்டார்கள், அனுப்பினேன். எந்தப் பக்கத்துக் கைப்பிடி என்று கேட்டார்கள். ஒரு பக்கம்தான் இருக்கிறது என்று எழுதினேன். ஜூன் மாதம் தெரியவந்த செய்தி எனக்கே ஒரு கணம் மெய்சிலிர்ப்பைத் தந்தது: எட்டாவது படிவரை பேட்டை அலுவலகத்துக்குச் சொந்தம், ஒன்பதாவதிலிருந்து சாலைத் துறைக்கு. துருப்பிடித்த தூண் எட்டுக்கும் ஒன்பதுக்கும் சரியாக நடுவில் நின்றது. நில அளவைக்காரர் எவரோ பல வருடங்களுக்கு முன் பென்சிலைக் கூர்மையாகச் சீவியிருக்க வேண்டும்.

இரண்டு துறைகளும் கூட்டாக வந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. கூட்டாக வருவதற்கான தேதி முடிவாகவில்லை.

செப்டம்பர் கடைசியில் அவர் முகம் வாடத் தொடங்கியது. ஐந்து நாள் அவர் இல்லாவிட்டால் கைப்பிடி யார்? வெல்டரும் மற்ற மூவரும் அவரோடு மலைக்கு வருகிறவர்கள். அக்கா விடுப்பு எடுக்க முடியாது. தீபாவளி நெருங்குகிறது, மாலைக்கு ஆள் போதவில்லை.

"நான் நிக்கிறேனே," என்றேன்.

அவர் என்னைப் படியில் நிறுத்தினார். தோளில் கை வைத்து மெதுவாக அழுத்தினார். பிறகு கொஞ்சம் பலமாக. நான் அடுத்த படிக்கு என் விருப்பமின்றி இறங்கினேன்.

"லோட் டெஸ்ட் ஃபெயில் சார்," என்று வருத்தத்தோடு சொல்லி, பையில் கைவிட்டார். என் சட்டைப் பொத்தானில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. குறை சொல்ல இடமில்லை.

நான்காம் மாடி யோகா ஆசிரியர் லோட் டெஸ்டில் தேறினார், ஆனால் அக்கா மறுத்துவிட்டார்: "அந்தாளு படிக்குப் படி மூச்சை இழுத்து விடச் சொல்றாரு. நான் வேலைக்குப் போறேனா, பிள்ளை பெறப் போறேனா?"

கடைசியில் அக்காவே இறங்கிவந்தார். "யோவ், போய்யா மலைக்கு. அஞ்சு நாள் நான் சுத்திப் போறேன்." ஏழு மாதப் பிடிவாதத்தை அவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு முறைதான். இவர் கண் கலங்கிவிட்டது. உடனே சாய்தளத்தைச் சோதிக்கப் போனார். கால்வாய் மூடி ஒன்று ஆடியது. சிவப்பு.

அக்கா அன்று சொன்னதை நான் எழுத முடியாது.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் நான் பேட்டை அலுவலகத்துக்கு நேரில் போனேன். முன்பதிவில்லாமல். இப்படி வந்தவர்களை நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்பதை நினைத்துக்கொண்டே வரிசையில் நின்றேன். கவுன்டரில் இளம் பெண், மிகவும் மரியாதையானவர்.

"அங்கிள், இந்த கேஸ் ஆல்ரெடி அட்டெண்ட் பண்ணியாச்சுன்னு சிஸ்டம்ல இருக்கே. 'ஒர்க் இன் ப்ரோக்ரெஸ்'."

"யார் வேலை செய்றாங்க?"

"கான்ட்ராக்டர். இதோ போட்டோ. அவங்க டேக் போட்டிருக்காங்க பாருங்க."

படத்தில் நம்முடைய சிவப்பு அட்டை, நம் முதலாளியின் கையெழுத்து.

"அது உங்க கான்ட்ராக்டர் இல்லம்மா. அவர் எங்க புளோக்ல இருக்கிறவர்."

"அவர் கான்ட்ராக்டர்தானே?"

"ஆமா. ஆனா இதுக்கு இல்ல."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பொத்தானில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அதை நான் கழற்ற மறந்திருந்தேன். கழற்றும் அதிகாரமும் எனக்கில்லை.

"அங்கிள், டேக் இருக்கிறவரைக்கும் சிஸ்டம் க்ளோஸ் ஆகாது, புதுசா ஓப்பனும் ஆகாது. டேக் எடுத்துட்டு ஒரு போட்டோ அனுப்புங்க. ரெண்டு நாள்ல ஆள் வந்துடும் லா."

ஆக, பழுதுபார்க்கச் சொல்லித் தொங்கிய அட்டைதான் பழுதுபார்ப்பதைத் தடுத்துக்கொண்டிருந்தது. அவரிடம் ஓடி வந்து சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கம்பி ஆடுது சார். ஆடுற கம்பியிலேருந்து சிவப்பை எடுத்தா, நாளைக்கு என் சைட்ல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுவேன்?" பிறகு கைப்பேசியை எடுத்து வெல்டருக்குக் குரல்செய்தி அனுப்பினார். "தம்பி, நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு இங்க வேலை இருக்கு."

உடனே பதில் வந்தது: "பாஸ் இல்லாம மலையா? அப்ப காலையில மீட்டிங் யாரு வெப்பா?"

அவர் அதை இரண்டு முறை போட்டுக் கேட்டார். சிரித்தார். சரியான சிரிப்பில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நான் படியில் இறங்கி, என் நகவெட்டியால் அந்த அட்டையை நறுக்கினேன். விதி என் பக்கம்தான் இருந்தது. ஏழு மாதமாக விதி என் பக்கம்தான் இருந்தது. படமெடுத்து அனுப்பினேன். பிறகு அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டி, கம்பியைத் தொடவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஆறு நாற்பது. அவர் எட்டாவது படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, காலை நடைக்குக் கிளம்பியவர். பின்னால் அக்கா. நான் அட்டையை நீட்டினேன்.

"நீங்களா சார்?" என்றார். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "கழற்றினவர் பொறுப்பு சார். ஓட்டை இப்ப உங்க பேர்ல."

"தெரியும். ஒத்துக்கிறேன்."

"உங்களால தாங்க முடியாதே."

"தனியா முடியாது," என்றார் அவர் மனைவி. படியில் இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். "நான் ஒரு பக்கம், சார் ஒரு பக்கம். டெஸ்ட் பண்ணிக்குங்க."

அவர் மனைவியின் தோளில் கை வைத்து அழுத்தினார். அம்மையார் அசையவில்லை. கொஞ்சம் பலமாக அழுத்தினார். அம்மையார் ஒரு கையால் அவர் மார்பில் லேசாகத் தள்ளினார். முதலாளி படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ்," என்றார் அக்கா. "பச்சைய எடுய்யா. பஸ் வந்துடும்."

அவர் போனார். ஐந்து நாளும் நாங்கள் இருவரும் மேல்படியில் நின்றோம். அக்கா ஒரு கையை அம்மையார் தோளிலும், மரியாதைக்காக ஒரு விரலை என் தோளிலும் வைத்து இறங்கினார். இரண்டாம் நாள் காத்திருந்தபோது அம்மையாரிடம் கேட்டேன், அப்படி என்ன அந்த மலையில்?

"எத்தனை மாடி கட்டியிருக்காரு சார். எல்லாத்துலயும் மொட்டை மாடியில ஏறி நிப்பாரு. அஞ்சு நிமிசம்கூட இருக்காது. குழாய் ஒழுகுது, கம்பி ஆடுதுன்னு உடனே இறங்கிடுவாரு. மறுநாள் சாவியக் கொடுத்துட்டா அது அடுத்தவங்க வீடு. ஒரு உசரத்துலயாவது சும்மா உக்காரணும்னு சொல்லுவாரு."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஆட்கள் ஒரு சிறிய லாரியில் வந்தார்கள். பழைய தூணை அறுத்தார்கள். அடிப்பகுதி கையோடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவர் சொன்னது சரிதான். புதிய தூணை நட்டார்கள். பதினெட்டு நிமிடம். எந்தத் துறை என்று கேட்டேன். தெரியாது என்றார்கள்.

அன்று பகலிலேயே அவர் அழைத்தார். காற்று இரைச்சலில் குரல் பாதிதான் கேட்டது.

"சார், மேல ஏறிட்டேன். காலையிலயே. இப்ப இறங்கிட்டு இருக்கேன்."

"எப்படி இருந்தது?"

"ஒண்ணுமே இல்ல சார் மேல. பாறை. எவனும் கட்டல. பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, சோதிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. எவன் பேர்லயும் இல்ல. இருவது நிமிசம் சும்மா உக்காந்திருந்தேன் சார். வெல்டர் பயந்துட்டான், பாஸுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு."

கைப்பிடி புதிதாகிவிட்டது என்று சொன்னேன். அவர் உடனே கேட்டது, தூணின் அடியில் எத்தனை போல்ட் என்று. நான்கு என்றேன். எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். எண்ணிப் பார்த்தேன். நான்குதான்.

திரும்பி வந்த அன்றே, நொண்டிக்கொண்டு படிக்கு வந்து, புதிய கம்பியில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். திருப்தி. என் சட்டைப் பொத்தானிலிருந்த சிவப்பையும் அப்போதுதான் விடுவித்தார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். கைப்பிடி இருக்கிறது, மலை ஏறியாயிற்று. மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு நான் ஜன்னலைத் திறந்தால், மேல்படியில் மஞ்சள் சட்டை.

"கம்பிதான் வந்துடுச்சே. நீ எதுக்குய்யா?" என்று அக்கா கத்தினார்.

"புதுக் கம்பி அக்கா. பெயின்ட் காயட்டும்."

அதற்கடுத்த நாள்: "காஞ்சிடுச்சேய்யா."

"ராத்திரி மழை அக்கா. ஈரம் வழுக்கும்."

அக்கா கம்பியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். வலது கையைக் கம்பியிலும் இடது கையை அவர் தோளிலும் வைத்துக்கொண்டு இறங்கினார். திட்டிக்கொண்டேதான். மூன்றாம் நாளிலிருந்து காரணம் கேட்கவில்லை.

அவர் முட்டியை மாற்றிக்கொண்டு கிளமெண்டியில் மகன் வீட்டோடு போனது இதற்கெல்லாம் பிறகு. அந்தப் பேட்டைக்காரர்களுக்கு என் அனுதாபங்கள். அதற்கு முன், மார்ச்சில் நான் எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதில் இரண்டு குறிப்புகள் இருந்தன. ஒன்று: மேற்படி கைப்பிடி மாற்றப்பட்டுவிட்டதால் விவகாரம் முடித்துவைக்கப்படுகிறது. இரண்டு: மேற்படி படிக்கட்டில் தினமும் காலையில் மஞ்சள் சட்டையுடன் ஒருவர் நிற்பதாகத் தகவல், கூட்டுச் சோதனையில் அவர் தங்கள் ஊழியர் அல்ல என்று இரு துறைகளும் உறுதிசெய்துள்ளன, அவர் எந்தத் துறையைச் சேர்ந்தவர், இன்னும் எத்தனை நாள் நிற்பார் என்பதை ஏழு வேலை நாட்களுக்குள் தெரியப்படுத்தவும்.

வாழ்நாளில் எந்தக் கடிதத்துக்கும் ஏழு வேலை நாட்களைத் தாண்டவிட்டதில்லை நான். இதற்கு இன்றுவரை பதில் எழுதவில்லை. வந்த தேதியை மட்டும், பழைய வழக்கப்படி, உறையின் மூலையில் குறித்து வைத்தேன்: தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை.